மூலம் எங்கே இருக்கிறது?

எந்த ஊர் பஸ் ஸ்டாண்டிலும் இந்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். 'மூலம், பவுத்திரம். ஆபரேஷன் இல்லாமல் நிரந்தர குணம்.' பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு தினமும் பஸ்ஸில் ஆபீஸ் போய் வரும் எனக்கு, இதைப் படித்தால் உடம்பைப் பற்றிய கவலை வராது. கணக்கு வாத்தியார் ஞாபகம்தான் வரும்.

1994-ல் திருச்சியில் பி.எஸ்ஸி. மேத்ஸ். 'நியூமரிக்கல் மெதட்ஸ்' என்று ஒரு பேப்பர். வாத்தியார் முதல் நாளே சாக்பீஸை எடுத்துக்கொண்டு, "இன்னிக்கு நாம மூலம் கண்டுபிடிக்கப் போறோம்" என்றார். கடைசி பெஞ்ச் மொத்தமும் நெளிந்தது. அவர் திரும்பாமலே, "அந்த மூலம் இல்லப்பா. சமன்பாட்டோட மூலம். ரூட்டு!" என்றார்.

அவர் சொல்லிக் கொடுத்த முதல் முறைக்குப் பெயர் பைசெக்ஷன். பாடப் புத்தகத் தமிழில் இருசமக் கூறிடும் முறை. பரீட்சையில் வந்தது. எழுதினேன். பாஸ் செய்தேன். அத்தோடு மறந்தேன். மறந்ததற்கு ஒரு விலை இருந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் தம்பி கதை.

தம்பி என்றால் கூடப் பிறந்த தம்பி இல்லை. எங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் பார்க்கும் பையன். வயது இருபத்து நாலு. அவனும் பெரம்பலூர் பக்கம்தான். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது, அரியலூருக்கு உண்டு. ஆனால் பெரம்பலூரிலிருந்து அரியலூருக்கு ரயிலில் வர முடியாது என்பதால், சிமென்ட் லாரிகளுக்கு நடுவே பஸ்ஸில் நின்றுகொண்டு வந்து நொந்துபோன பையன், போன மாதம் ஒரு முடிவுக்கு வந்தான். பைக் வாங்குவது.

"அண்ணே, எல்லாம் பேசிட்டேன். கையில இருக்கறதைக் கட்டிடறேன். மீதி அறுபதாயிரம் லோன். பேங்க்ல 14 பர்சென்ட் சொல்றான். ஷோரூம்லயே ஒரு பைனான்ஸ்காரர் உக்காந்திருக்கார். 12 பர்சென்ட்தான். நாளைக்குக் கையெழுத்து."

"மாசம் எவ்வளவு கட்டணும்?"

"3,100. ரெண்டு வருஷம்."

கணக்கைப் பாருங்கள். 60,000-க்கு 12 சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7,200. இரண்டு வருஷத்துக்கு 14,400. அசலோடு சேர்த்தால் 74,400. அதை 24-ஆல் வகுத்தால் 3,100. பைசா சுத்தம். தம்பி பேப்பரை என்னிடம் நீட்டி, "நீங்க மேத்ஸ் படிச்சவராச்சே, சரியா பாருங்கண்ணே" என்றான்.

இந்த வாக்கியத்தை அதே மாதிரி இன்னொருவர் என்னிடம் கேட்டிருக்கிறார், முப்பது வருஷத்துக்கு முன்னால். அதனால்தான் வாய் வரை வந்த "சரிதாம்ப்பா"வை முழுங்கிவிட்டு, "சாயங்காலம் சொல்றேன்" என்றேன்.

இதில் கோளாறு என்ன? தம்பி முதல் மாதமே 3,100 திருப்பிக் கட்டிவிடுகிறான். பன்னிரண்டு மாதம் முடிந்தால் பாதிக்குப் பாதி திருப்பிக் கொடுத்துவிட்டான். ஆனால் இருபத்து நாலாம் மாதம்கூட முழு அறுபதாயிரத்துக்கும் வட்டி கட்டுகிறான். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு, தட்டில் ஒன்று மிச்சம் இருக்கும்போது ஐந்துக்கும் இன்னொரு முறை பில் போடுவது மாதிரி. இதற்கு 'ஃபிளாட் ரேட்' என்று நாகரிகமான பெயர். அப்படியென்றால் நிஜ வட்டி என்ன?

"ஆப்ல போட்டா வந்துடுமேண்ணே" என்றான் தம்பி. போட்டோம். அவன் போனில் இருந்த ஆப், வட்டியைச் சொன்னால் தவணையைச் சொல்லும். எங்களுக்குத் தலைகீழாக வேண்டும். தவணை தெரியும், வட்டி தெரியாது.

சூத்திரம் இருக்கிறதா? இங்கேதான் விஷயம். 24 தவணை என்றால் அது 24-ஆம் படிச் சமன்பாடு. இரண்டாம் படிக்கு நாம் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த சூத்திரம் உண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் உண்டு, யாரும் மனப்பாடம் செய்ததில்லை. ஐந்தாம் படியிலிருந்து பொதுவான சூத்திரமே கிடையாது என்று 1824-ல் நிரூபித்துவிட்டார் நார்வேக்காரர் ஏபெல். அப்போது அவருக்கு நம் தம்பியைவிட வயது குறைவு. ஆக, ஷோரூம் மேஜையில் இரண்டு நிமிஷத்தில் கையெழுத்துப் போடும் காகிதத்துக்குள், சூத்திரமே இல்லாத ஒரு சமன்பாடு உட்கார்ந்திருக்கிறது.

சூத்திரம் இல்லாவிட்டால் என்ன? தேடிப் பிடிக்கலாம். அதுதான் பைசெக்ஷன்.

பயப்படாதீர்கள், உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். சின்ன வெங்காயம் வாங்கப் போகிறீர்கள். (பெரம்பலூர்க்காரன் உதாரணம் சொன்னால் வெங்காயம் வராமல் இருக்காது.) கிலோ 30 என்று கேட்டால் அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. 60 என்றால் மறுபேச்சில்லாமல் அள்ளிப் போட வருகிறது. அப்போது நிஜ விலை இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது. 45 கேளுங்கள். முகம் திரும்பினால் 45-க்கும் 60-க்கும் நடுவில். அள்ள வந்தால் 30-க்கும் 45-க்கும் நடுவில். ஒரே கேள்வியில் பாதி சந்தேகம் காலி.

எங்கள் தெருவில் ஒரு ரிடையர்டு டெலிபோன் லைன்மேன் இருந்தார். கம்பி எங்கேயோ அறுந்துவிட்டது என்றால், அவர் கம்பம் கம்பமாக நடக்க மாட்டார். நேரே பாதி வழிக்குப் போய் டெஸ்ட் போனை மாட்டுவார். சத்தம் வந்தால் இதுவரை கம்பி நல்லாயிருக்கு, கோளாறு அந்தப் பக்கம். வராவிட்டால் இந்தப் பக்கம். மறுபடி அதில் பாதி. பெரம்பலூர் - அரியலூர் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பதினைந்து தடவை பாதியாக்கினால் ஒரு மீட்டருக்கும் குறைவான துண்டுக்குள் கோளாறு மாட்டிக்கொள்ளும். நம்பிக்கை இல்லாவிட்டால் 30,000 மீட்டரைப் பதினைந்து முறை இரண்டால் வகுத்துப் பாருங்கள்.

பாதியாக்குவது எங்கள் பக்கத்துக்குப் புதுசும் இல்லை. 1995-ல் திருச்சியைப் பிரித்து பெரம்பலூர் மாவட்டம் வந்தது. 2001-ல் அதைப் பிரித்து அரியலூர். 2002-ல் மறுபடி ஒட்டினார்கள். 2007-ல் மறுபடி பிரித்தார்கள். கணக்கில் மட்டும் இப்படிச் செய்யக் கூடாது. பாதியாக்கினால் ஒரு பாதியைத் தைரியமாகத் தூக்கிப் போட வேண்டும். இரண்டுக்கும் கலெக்டர் போட்டால் மூலம் கிடைக்காது.

சரி, தம்பியின் கடனுக்கு வருவோம். சாயங்கால பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. நோட்டு, போனில் கால்குலேட்டர். முறை இதுதான். மாத வட்டி இவ்வளவு என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளுங்கள். 60,000-க்கு ஒரு மாத வட்டியைக் கூட்டுங்கள். 3,100 கழியுங்கள். மிச்சத்துக்கு மறுபடி ஒரு மாத வட்டி, மறுபடி 3,100 கழி. இப்படி 24 மாதம். கடைசியில் மிச்சம் சரியாக பூஜ்யம் வந்தால் நீங்கள் வைத்த வட்டிதான் நிஜ வட்டி. கடன் பாக்கி நின்றால் குத்துமதிப்பு அதிகம். பூஜ்யத்துக்குக் கீழே போனால், அதாவது கூடுதலாகக் கட்டிவிட்டோம் என்று வந்தால், குத்துமதிப்பு குறைச்சல்.

மாதம் 1 சதவீதம். அதாவது வருஷத்துக்கு 12, பைனான்ஸ்காரர் சொன்னதேதான். போட்டுப் பார்த்தால் கடைசியில் 7,434 ரூபாய் மைனஸ். நிஜமாகவே 12 சதவீதமாக இருந்தால் தம்பிக்கு அவர்தான் அந்த 7,434-ஐத் திருப்பித் தர வேண்டும்!

மாதம் 2 சதவீதம். கடைசியில் 2,198 ரூபாய் பாக்கி. பிளஸ்.

ஒரு பக்கம் மைனஸ், ஒரு பக்கம் பிளஸ். இனி மூலம் தப்பிக்க முடியாது. வட்டியைத் துளி மாற்றினால் பாக்கியும் துளிதான் மாறும், திடீரென்று தாவாது. மைனஸிலிருந்து பிளஸுக்குப் போகும் வழியில் பூஜ்யத்தை மிதிக்காமல் போக முடியாது. கொள்ளிடத்தின் இந்தக் கரையில் காலையில் இருந்தவன் மாலையில் அந்தக் கரையில் இருந்தால், நடுவில் ஆற்றைத் தாண்டித்தானே இருக்க வேண்டும்? இதை 1817-ல் முறையாக நிரூபித்து எழுதியவர் பிராகைச் சேர்ந்த போல்சானோ. பாதிரியார். பாவ மன்னிப்பு கேட்கும் நேரம் போக மிச்ச நேரத்தில் கணக்கு.

இனி பாதி பாதியாக.

1.5 வைத்தேன். 2,994 மைனஸ். ஆக, 1.5-க்கும் 2-க்கும் நடுவில்.

1.75 வைத்தேன். 498 மைனஸ். இன்னும் மேலே.

1.875. இப்போது 825 பிளஸ். மேலே போய்விட்டோம், இறங்கு.

1.8125. 157 பிளஸ். இன்னும் இறங்கு.

பஸ் குன்னம் பக்கம் வந்துகொண்டிருந்தது. பக்கத்து சீட் பெரியவர் என் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தவர், "சீட்டுக் கணக்குங்களா?" என்றார். "மூலம் பாக்கறேங்க" என்றேன். அவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

1.78125. 172 மைனஸ்.

1.796875. 8 ரூபாய் மைனஸ்.

அறுபதாயிரம் ரூபாய்க் கடனில், ஆறே ஆறு பாதியில், வித்தியாசம் ஒரு டீ செலவுக்குள் வந்துவிட்டது. போதும். மாதம் ஏறத்தாழ 1.8 சதவீதம். வருஷத்துக்கு 21.6. பன்னிரண்டு இல்லை, அதன் இரட்டிப்புக்குப் பக்கம்.

அந்த பேங்க்? அவர்கள் சொன்ன 14, குறைந்துகொண்டே வரும் பாக்கிக்கு மட்டும் வட்டி. அதே அறுபதாயிரம், அதே 24 மாதம், தவணை 2,881. மாதம் 219 குறைவு. இரண்டு வருஷத்தில் 5,256 ரூபாய். 12 சதவீதக் கடன், 14 சதவீதக் கடனைவிட ஐயாயிரத்துச் சொச்சம் அதிகம்!

* * *

இந்த முறையைப் பற்றி ரெண்டு வார்த்தை பெருமையும் ரெண்டு வார்த்தை உண்மையும் சொல்ல வேண்டும்.

கணக்குக்காரர்கள் நடுவில் பைசெக்ஷனுக்குப் பெரிய மரியாதை கிடையாது. மெதுவாகப் போகும் என்பார்கள். நியூட்டன் முறை என்று ஒன்று இருக்கிறது, எக்ஸ்பிரஸ் மாதிரி. நன்றாகப் போனால் நாலே தாவலில் சேர்த்துவிடும். ஆனால் ஆரம்பம் சரியில்லாவிட்டால் வழி மாறி எங்கேயோ கொண்டுபோய் விட்டுவிடும். பைசெக்ஷன் டவுன் பஸ். எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும், ஆனால் நிச்சயம் ஊர் போய்ச் சேரும். எத்தனை ஸ்டாப் என்பதையும் கிளம்பும் முன்பே சொல்லிவிடலாம். பத்துப் பாதியில் தேடும் இடம் ஆயிரத்தில் ஒரு பங்கு. இருபது பாதியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

எக்ஸெலில் 'ரேட்' என்று ஒரு ஃபங்ஷன் இருக்கிறதே, அது டக்கென்று வட்டியைச் சொல்கிறதே என்று ஆபீஸ் வாசகர்கள் கேட்பீர்கள். அதற்கும் சூத்திரம் தெரியாது. அதுவும் ஒரு குத்துமதிப்பில் ஆரம்பித்துத் திருத்தித் திருத்தித்தான் விடைக்கு வருகிறது. கம்ப்யூட்டர் என்பதால் கௌரவமாக மறைத்துக்கொள்கிறது.

உண்மை என்னவென்றால், பைசெக்ஷன் எல்லா இடத்திலும் செல்லாது. ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ் கட்டாயம் வேண்டும். சில வளைகோடுகள் பூஜ்யத்தைத் தொட்டுவிட்டு, தாண்டாமல் அதே பக்கம் திரும்பிவிடும், இன்டர்வியூ ரூம் வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்தவன் மாதிரி. அங்கே மூலம் இருக்கும், இந்த முறை கண்டுபிடிக்காது. நடுவில் அறுந்து தாவும் கோடாக இருந்தால், இல்லாத மூலத்தை இருப்பதாகக் காட்டும். ஆகவே இரண்டு முனையையும் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். வாழ்க்கையிலும் எனக்குத் தெரிந்து பல சண்டைகள் தீராமல் போவதற்குக் காரணம், இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் நின்றுகொண்டு நடுவில் எதையோ தேடுவதுதான்.

* * *

மறுநாள் காலை தம்பியிடம் நோட்டைக் காட்டினேன். நம்பவில்லை. "அண்ணே, ஷோரூம்ல அவ்வளவு பேர் வாங்கறாங்க, எல்லாருமா ஏமாறுவாங்க?"

"யாரும் ஏமாத்தலைப்பா. சதவீதத்தை மட்டும்தான் கேட்டோம், எதுக்கு சதவீதம்னு கேக்கலை. அங்க போய் ஒரே ஒரு பேப்பரைக் கேளு. 'கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட்'னு."

இது பலருக்குத் தெரியாது. ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரலில் ஒரு உத்தரவு போட்டது. அந்த வருஷம் அக்டோபர் 1 முதல், வங்கிகளும் அதன் கட்டுப்பாட்டில் உள்ள நிதி நிறுவனங்களும் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கும் தவணைக் கடன்களுக்கு இந்த முக்கிய விவர அறிக்கையைக் கொடுத்தாக வேண்டும். கடன் வாங்குகிறவருக்குப் புரிகிற மொழியில். வட்டி, கட்டணம் எல்லாம் சேர்த்து வருஷத்துக்கு மொத்தத்தில் எத்தனை சதவீதம் ஆகிறது என்பது அதில் இருக்க வேண்டும். அதற்கு ஏ.பி.ஆர். என்று பெயர்.

தம்பி மத்தியானம் போன் செய்தான். "அண்ணே, பேப்பர் கட்டுல இருந்துச்சுண்ணே. நாலாவது பக்கம். ஆனா உங்க கணக்கு தப்பு."

பகீரென்றது. "எவ்வளவு போட்டிருக்கு?"

"23.7."

கொஞ்ச நேரம் யோசித்தேன். "பிராஸஸிங் ஃபீஸ் ஏதாவது புடிக்கறானா?"

"1,200. லோன்லயே கழிச்சிக்குவாங்களாம்."

அதுதான். கையில் வருவது 58,800. கட்டுவது அதே 3,100. நோட்டில் முதல் வரியை மாற்றிப் போட்டுப் பார்த்தேன். மாதம் 1.975 பக்கம் வந்து நின்றது. பன்னிரண்டால் பெருக்கினால் 23.7. முப்பது வருஷத்துக்கு முன்னால் பாஸ் செய்த பேப்பருக்கு அன்றைக்குத்தான் மார்க் வந்த மாதிரி இருந்தது.

தம்பி பேங்க்கில் அப்ளை செய்தான். அங்கும் அந்த அறிக்கையை வாங்கி, ஏ.பி.ஆர். பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். சம்பளச் சான்று, ஜெராக்ஸ், மேனேஜர் லீவு என்று பன்னிரண்டு நாள் அலைந்தான். அந்தப் பன்னிரண்டு நாளும் பஸ்ஸில் நின்றுகொண்டே என்னை முறைத்தான். இப்போது பைக்கில் என் பஸ்ஸைத் தாண்டும்போது ஹாரன் அடிக்கிறான்.

* * *

கடைசியில் சொல்கிறேன் என்றேனே.

1994. அப்பாவுக்குக் கிணற்று மோட்டார் எரிந்துபோனது. வெங்காயம் நடவு செய்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு பைனான்ஸில் பேசிவிட்டு, லீவுக்கு வந்திருந்த என்னிடம் காகிதத்தை நீட்டி, "நீ படிச்ச புள்ள, சரியா பாரு" என்றார். பெருக்கிப் பார்த்தேன், வகுத்துப் பார்த்தேன். "சரிதாம்ப்பா. 12 பர்சென்ட்தான்" என்றேன். அதற்கு இரண்டு வாரம் கழித்து பரீட்சை ஹாலில் அமர்ந்து, பைசெக்ஷன் முறையில் ஒரு சமன்பாட்டின் மூலத்தை நாலு தசம ஸ்தானம் வரை கண்டுபிடித்தேன். யாருடைய மூலம், எதற்காக என்று யோசிக்கவே இல்லை.

போன ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவிடம் இந்தக் கதையெல்லாம் சொல்லி, "அன்னிக்கு நான் சரியா பாக்கலைப்பா" என்றேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீ சரியா பாத்திருந்தா மட்டும்? வேற யாரு அன்னிக்குக் குடுத்திருப்பா? தண்ணி இல்லாம வெங்காயம் காஞ்சிருக்கும். அந்தக் கடனைத்தான் வாங்கியிருப்பேன்."

எனக்குப் பெரிய பாரம் இறங்கிய மாதிரி இருந்தது. எழுந்து உள்ளே போகப் போனேன்.

"ஆனா ஒண்ணுப்பா" என்றார். "தெரிஞ்சி கட்டியிருப்பேன்."